மருத்துவக் கஞ்சா கார்டு: நியூ ஜெர்சியில் நான் பதிவு செய்த அனுபவம்

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் என் பாதங்கள் எரிந்துகொண்டே இருந்தன. பாக்லிடாக்ஸெல் என்ற மருந்து நரம்பு முனைகளைப் பாதிக்கும், சிலருக்கு மெல்லச் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தங்கிவிட்டது. பகலில் வேலை மும்முரத்தில் சமாளித்துவிடலாம், இரவில் போர்வை பட்டாலே தூக்கம் போய்விடும். காபாபென்டின் கொடுத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் மறுநாள் மதியம் வரை தலை மந்தமாக இருக்கும், மீட்டிங்கில் யார் என்ன கேட்டார்கள் என்றே பிடிபடாது. அடுத்தது டுலாக்ஸெட்டின். கீமோவால் வரும் நரம்பு வலிக்கு ஓரளவாவது ஆதாரம் உள்ள மருந்து அதுதான், ஆனால் நான் மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்க டாமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். டாமாக்சிஃபென் உடம்பில் முழுதாக வேலை செய்ய ஒரு கல்லீரல் நொதி தேவை, அந்த நொதியை டுலாக்ஸெட்டின் ஓரளவு தடுக்கும், அதனால் என் புற்றுநோய் மருத்துவருக்கு அதைக் கொடுக்க மனமில்லை. அந்தப் பேச்சுக்கு நடுவில் அவரேதான் மருத்துவக் கஞ்சாவைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

இதெல்லாம் நடந்தது 2024-இல். அதன் பிறகு தெரிந்தவர், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று நிறையத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மருத்துவக் கஞ்சா வாங்க மாநிலம் நோயாளிக்குக் கொடுக்கும் கார்டுக்கு எந்த வெப்சைட், எவ்வளவு காசு என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அது ஒரு மாலை நேரத்து வேலை. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியதுதான் நிறைய இருக்கிறது, அதிலும் ஒரே வீட்டில் ஒருவர் சிட்டிசன், ஒருவர் கிரீன் கார்டு, ஒருவர் விசிட்டர் விசா என்று இருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சி மாநிலச் சட்டப்படி மருத்துவக் கஞ்சா 2010-லிருந்து அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் போதைப்பொருட்களின் முதல் அட்டவணையில் வைத்தது, நான் பதிவு செய்தபோதும் அது அங்கேதான் இருந்தது. 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறை வெளியிட்ட விளக்கத்தில், மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை நிபந்தனையைக் கெடுக்கக்கூடும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இதற்கு வழக்கு, தண்டனை என்று எதுவும் வேண்டியதில்லை. அதிகாரி கேட்கும்போது ஆமாம், வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டாலே சிக்கல் ஆகலாம். மருத்துவக் காரணம், மருத்துவரின் கையெழுத்து, மாநிலத்தின் கார்டு என்று எதைக் காட்டினாலும் அந்த இடத்தில் அது கேடயம் ஆகாது. எச்1பி விசாவில் இருப்பவர், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போடப் போகிறவர் எல்லோரும் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். காசு செலவாகும்தான், ஆனாலும் பேசிவிடுங்கள்.

நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன், என் கணவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான். நியூ ஜெர்சியில் நோயாளி தனக்காக வாங்கிவர ஒரு பராமரிப்பாளரைப் பதிவு செய்துகொள்ளலாம். அவருக்குக் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி சரிபார்ப்பார்கள், பிறகு அவருக்கும் ஒரு கார்டு. கால் எரிச்சலோடு நான் கார் ஓட்டுவது கடினம் என்பதால் அவர் பெயரைக் கொடுக்கலாம் என்று இருந்தோம். வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கஞ்சா சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் உங்கள் கணவர் பெயர் வரக்கூடாது. அதனால் இன்றுவரை அவர் நான் கஞ்சா வாங்கும் கடைக்குள் கால் வைத்ததில்லை, அவருடைய டெபிட் கார்டில் ஒரு டாலர்கூட அங்கே செலவானதில்லை, கடையிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் என் போனுக்கு மட்டும்தான் வரும். எனக்கு முடியாத நாட்களில் சிட்டிசனான ஒரு தோழி என்னைக் கூட்டிப்போவாள், வாங்குவது நான்தான். இது மிகை என்று சிலர் சொல்கிறார்கள். வெளிநாடு போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்பதை நினைத்தால் எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது இன்னொரு விஷயம் வந்தது. அவருக்கு மூட்டு வலி. நான் ஒரு கஞ்சாக் களிம்பும் வாங்கி வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எனக்கும் கொஞ்சம் தடவி விடேன், உனக்குத்தான் கேட்குதே" என்றார். முடியாது என்றேன், அவருக்கு வருத்தம்தான். ஆனால் கார்டு என் பெயரில் உள்ளது, எனக்கென்று சான்று கொடுத்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க அதில் இடமில்லை, அதிலும் அம்மா வந்திருப்பது விசிட்டர் விசாவில். வேறு தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

சரி, இந்தக் கேள்விகளில் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்றால் அடுத்தது மருத்துவர்.

என் புற்றுநோய் மருத்துவர் யோசனை சொன்னாரே தவிர அவர் மாநிலத் திட்டத்தில் பதிவு செய்தவர் அல்ல. பதிவு செய்த மருத்துவர்கள், மேல்நிலைச் செவிலியர்கள், பிசிஷியன் அசிஸ்டென்ட் எனப்படும் மருத்துவ உதவியாளர்கள்தான் சான்று கொடுக்க முடியும். மாநிலத்தின் கஞ்சா ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் அவர்களைத் தேடிப் பார்க்கலாம். விளம்பரம் பார்த்து முதலில் ஒரு வீடியோ கால் சேவையில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் என் நோயின் பெயரைக் கேட்டார், பணம் கட்டும் லிங்க்கை அனுப்புகிறேன் என்றார், அவ்வளவுதான். நான் என்னென்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்கவே இல்லை. புற்றுநோய் மருந்து சாப்பிடுகிற ஒருத்தியிடம் அதைக் கேட்காமல் சான்று கொடுப்பவரிடம் நான் எப்படி என் உடம்பை ஒப்படைப்பது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வலி நிவாரண சிகிச்சையில் இருக்கும், திட்டத்திலும் பதிவு செய்திருக்கும் ஒரு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். அவருக்குக் கட்டிய தொகை இருநூறு டாலரை ஒட்டி வந்தது, இன்சூரன்ஸ் தொடவில்லை.

அவர் முக்கால் மணி நேரம் பேசினார். இதயக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தீவிர மனநோய் இருந்திருக்கிறதா, கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வார்ஃபாரின் எடுப்பவர்களுக்குக் கஞ்சா அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தப்போக்கை வரவழைக்கலாம் என்றார். என் விஷயத்தில் அவர் நின்று யோசித்தது சிபிடி என்ற பொருளைப் பற்றி. கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி, போதை தராதது சிபிடி. போதை இல்லாததுதானே பாதுகாப்பு என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன், கடைகளிலும் அப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் சிபிடி அளவு கூடினால் கல்லீரல் நொதிகளில் குறுக்கிட்டு டாமாக்சிஃபெனின் பலனைக் குறைக்கக்கூடும், அதாவது டுலாக்ஸெட்டினை எதற்காகத் தவிர்த்தோமோ அதே காரணம். ஆகவே எனக்குச் சிபிடி அதிகமுள்ள எதுவும் வேண்டாம், மிகக் குறைந்த டிஎச்சி, இரவில் மட்டும் என்று முடிவு செய்தார். என் புற்றுநோய் மருத்துவருக்கும் அன்றே எழுதி அனுப்பினார். வீடியோ காலில் இருந்தவரிடம் போயிருந்தால் இது எதுவும் என் காதுக்கே வந்திருக்காது.

பலன் எவ்வளவு இருக்கும் என்பதிலும் அவர் நேர்மையாக இருந்தார். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் 2017-இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோவால் வரும் வாந்தி, மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் உள்ளவர்கள் உணரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குக் கஞ்சா அல்லது அதிலிருந்து எடுத்த பொருட்கள் உதவுவதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. என்னைப் போன்ற கீமோ நரம்பு வலிக்கென்று தனியாக அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை, முயன்று பார்க்கலாம் என்றார். கஞ்சா எண்ணெய் புற்றுநோய்க் கட்டியையே கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஆய்வகத்தில் செல்களிலும் எலிகளிலும் பார்த்ததை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், மனிதர்களைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். மத்தியச் சட்டம் இப்படி இருந்ததால் மருத்துவர் இதற்கு வழக்கமான மருந்துச் சீட்டு எழுத முடியாது. இந்த நோயாளிக்கு இன்ன நோய் இருக்கிறது, கஞ்சா உதவலாம் என்று மாநிலத்தின் பதிவேட்டில் சான்று மட்டும் தருகிறார். அதன் விளைவு நம் தலையில்தான் விழும். மருந்துக்கடையில் கிடைக்காது, இன்சூரன்ஸ் கொடுக்காது, மருத்துவச் செலவுக்கென்று எச்எஸ்ஏ கணக்கில் வரி இல்லாமல் சேர்த்த பணத்தையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது, டப்பாவில் தினம் இத்தனை வேளை என்று ஒட்டியிருக்காது. எந்த அளவு, எப்போது, எத்தனை நாள் கழித்துக் கூட்டலாம் என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் வாங்கிக்கொண்டேன், அந்தத் தாள் இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

விண்ணப்பம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருத்துவர் பதிவேட்டில் ஏற்றியதும் ஒரு எண் தருவார், அதை வைத்து ஆணையத்தின் தளத்தில் பதிவு செய்து, புகைப்படம், அடையாள அட்டை, நியூ ஜெர்சியில் வசிப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருந்தால் அது ஒன்றே இரண்டுக்கும் ஆகிவிடும். ஆரம்பத்தில் இதற்கு 200 டாலர் கட்டணம் இருந்தது, படிப்படியாகக் குறைத்து, நான் பதிவு செய்தபோது போனில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் கார்டு இலவசம், பிளாஸ்டிக் கார்டு வேண்டுமென்றால் மட்டும் 10 டாலர். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், ஆஸ்பத்திரிப் பதிவில் இனிஷியல் முன்னால், உரிமத்தில் கணவர் பெயர் என்று ஆளுக்கு மூன்று வடிவம் வைத்திருப்போம். மருத்துவரின் அலுவலகத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்யும்போதே உரிமத்தை எடுத்து நீட்டி, இதில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தும் என்று கேட்டுக்கொண்டேன். கார்டு இரண்டு வருடம் செல்லும், ஆனால் மருத்துவரின் சான்று அதிகபட்சம் ஒரு வருடம்தான். கார்டில் தேதி மிச்சம் இருந்தும் சான்று காலாவதி ஆகிவிட்டால் கடையில் கொடுக்க மாட்டார்கள்.

மாதத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, இப்போது அது 30 நாளுக்கு 3 அவுன்ஸ். என்னுடைய தேவை அதில் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த வரம்பு 2 அவுன்ஸாக இருந்த காலத்தில் ஜேக் ஹோனிக் என்ற குழந்தைக்கு அது போதவில்லை. மூளைப் புற்றுநோயோடு போராடி 2018 ஜனவரியில் ஏழு வயதில் இறந்துபோனான். அவனுடைய வலியைத் தணித்த எண்ணெய் மாத முடிவுக்கு முன்பே தீர்ந்துபோகும், பெற்றோர் வேறு கடும் மருந்துகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் விடாமல் போராடியதால் 2019 ஜூலையில் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது, வரம்பு உயர்ந்தது, இறுதிக்கட்ட நோயாளிகளுக்கு வரம்பே எடுக்கப்பட்டது, மருத்துவர் ஒருவருட அளவுக்குச் சான்று தர வழி வந்தது. நான் எளிதாகக் கார்டு வாங்கிய ஒவ்வொரு படியிலும் அந்தக் குடும்பத்தின் துயரம் இருக்கிறது, அதை மறக்க என்னால் முடியவில்லை.

கடைக்குப் போவதில் எனக்கு இருந்த கூச்சம் முதல் தடவையோடு போய்விட்டது. என்னைவிட வயதான பாட்டிகள் வாக்கரோடு வரிசையில் நின்றிருந்தார்கள். 2022 ஏப்ரல் 21 முதல் நியூ ஜெர்சியில் 21 வயது நிறைந்த யாரும் கஞ்சா வாங்கலாம், அப்புறம் எதற்குக் கார்டு என்று கேட்பவர்கள் உண்டு. கார்டு இருந்தால் விற்பனை வரி கிடையாது, நோயாளிகளுக்குத் தனி வரிசை, வாங்கும் அளவு அதிகம். இதையெல்லாம்விட எனக்கு முக்கியம், நான் எடுப்பது ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறது என்பது. கவுண்டரில் இருப்பவர்கள் அன்பானவர்கள், தங்கள் பொருட்களைப் பற்றி நிறையத் தெரிந்தவர்கள், ஆனால் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. டாமாக்சிஃபெனைப் பற்றி நான் சொன்னபோது அந்தப் பெண் பெயரைத் திருப்பிக் கேட்டாள். அவர்கள் பரிந்துரைப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மருத்துவர் எழுதியதை வாங்குங்கள். நிறையக் கடைகளில் கிரெடிட் கார்டு எடுக்க மாட்டார்கள், ரொக்கமோ டெபிட் கார்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு 2.5 மில்லிகிராம் டிஎச்சியில் தொடங்கினேன். வாயால் சாப்பிடுவது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும், அதற்குப் பிறகு ஆறு எட்டு மணி நேரம் நிற்கும். புகையாக இழுத்தால் சில நிமிடங்களில் தெரியும், ஆனால் என் நுரையீரலுக்கு அது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்பவர்கள்தான் நெஞ்சு படபடத்து, பயந்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். முதல் தடவைக்கு மறுநாள் வேலை இல்லாத ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் ஒருவர் கூட இருக்கட்டும், கார் சாவியைத் தொடாதீர்கள். எனக்கு வாய் உலர்ந்தது, நேரம் மெதுவாக நகர்வதுபோல் இருந்தது, பிறகு தூங்கிவிட்டேன். எரிச்சல் போய்விடவில்லை. இருக்கிறது, ஆனால் அது என்னை எழுப்புவதில்லை. மெல்ல மெல்ல, மருத்துவர் சொன்ன கணக்கில், காபாபென்டினைப் பாதியாகக் குறைத்தோம், காலையில் தலை தெளிந்தது, என் வேலையை நானே ரசித்துச் செய்ய முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

வேலையைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஜேக் பெயரில் வந்த அந்த 2019 சட்டம் நோயாளியாகப் பதிவு செய்ததற்காக மட்டுமே ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்கிறது, போதைப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்தால் விளக்கம் கொடுக்க மூன்று வேலை நாட்கள் தர வேண்டும் என்கிறது. வேலை நேரத்தில் போதையில் இருப்பதற்கு இது அனுமதி இல்லை. மத்திய அரசு ஒப்பந்தங்களில் வேலை செய்பவர்கள், மத்தியப் போக்குவரத்துத் துறை விதிகளுக்குக் கட்டுப்பட்ட லாரி, பேருந்து ஓட்டுநர்கள் இந்தப் பாதுகாப்பை நம்பி இறங்க வேண்டாம். ஐடி கன்சல்டிங்கில் இருக்கும் நம்மவர்கள் கிளையன்ட் யார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பெனி தனியார், கிளையன்ட் மத்திய அரசு என்பது சர்வ சாதாரணம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப் போட்ட பெட்டி கட்டாயம். கஞ்சா கலந்த மிட்டாய்கள் அசல் மிட்டாய் மாதிரியே இருக்கின்றன, ஒரு குழந்தை ஒன்றோடு நிறுத்தாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் 1-800-222-1222 என்ற நச்சு முறிவு உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், குழந்தை மயங்கினாலோ மூச்சு சரியில்லை என்றாலோ நேராக 911. செடி வளர்க்கலாமா என்று தோட்டத்தில் ஆர்வமுள்ள ஒரு மாமா கேட்டார். நான் பதிவு செய்த நேரத்தில் நியூ ஜெர்சியில் நோயாளிகள்கூட வீட்டில் வளர்க்கக்கூடாது, பக்கத்து நியூயார்க்கில் நிலைமை வேறு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலத்தின் விதியைப் படியுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு துளிகூட எடுத்துப்போவதில்லை. விமானம் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது, இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இருக்கிறது, நடுவில் துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஏற வேண்டியிருக்கும், அங்கே நியூ ஜெர்சிக் கார்டை யாரும் மதிக்கப் போவதில்லை. கைப்பையின் மூலையில் பழைய டப்பா கிடக்கிறதா என்று பெட்டி கட்டும்போது எல்லா ஜிப்பையும் திறந்து பார்ப்பேன். அந்த வாரங்களுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன்: கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே காபாபென்டினைப் பழைய அளவுக்குக் கூட்டிக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் குறைக்கிறேன்.

போன வருடம் கீமோ போர்ட்டை, அதாவது மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் வைத்திருந்த சின்னக் கருவியை, எடுக்கும் சின்ன அறுவை சிகிச்சை நடந்தது. படிவத்தில் புகையிலை, மது எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் இன்ன பொருள், இத்தனை மில்லிகிராம், கடைசியாக எடுத்தது எப்போது என்று நானே சொன்னேன். அமெரிக்காவில் 2023-இல் வந்த வழிகாட்டுதல், மயக்க மருந்துக்கு முன் எல்லா நோயாளிகளிடமும் கஞ்சாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது, ஏனென்றால் மயக்க மருந்தின் அளவும் அறுவைக்குப் பிந்தைய வலியும் அதனால் மாறலாம். அவர் முகம் சுளிக்கவில்லை. குறித்துக்கொண்டு, எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.